மீசை வைத்த நோட்டீஸ்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிரெஞ்சு வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அவி. அறிவிப்பு என்று பொருள். எழுத்துக்கூட்டினால் ஏ, வி, ஐ, எஸ் என்று வரும். கடைசி எழுத்தைச் சொல்லாமல் விழுங்கிவிட வேண்டும். மில் வாசலில் அந்த நான்கு எழுத்தும் தென்பட்டால் அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. கீழே தமிழில் விவரம் இருக்கும். அதை யாரும் முதலில் படிப்பதில்லை. தலைப்பைப் பார்த்ததுமே சேதி தெரிந்துவிடும், விவரமெல்லாம் அப்புறம்தான்.

என் அப்பா அந்த மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். வெள்ளைக்காரன் கப்பலேறிப் பல வருஷமாகியும் மில் ஆபீஸ் அந்தத் தலைப்பை மட்டும் விடவில்லை. ஆள் குறைப்பு, ஷிஃப்ட் ரத்து, கதவடைப்பு, சஸ்பென்ஷன், எது வந்தாலும் உச்சியில் அவி, அதுவும் அதே அச்செழுத்தில். போனஸ் தருவதாக இருந்தால் மேஸ்திரியே வாயால் சொல்லிவிடுவார். நல்லதற்கு வாய், கெட்டதற்கு அச்சு என்று ஆபீஸில் ஒரு சட்டமே வைத்திருந்தார்கள் போல.

அந்த எழுத்துக்கு மில்காரர்கள் வைத்த பெயர் மீசை எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் ஒரு சின்னக் குறுக்குக்கோடு நீட்டிக்கொண்டிருக்கும். ஏ என்ற எழுத்து இரண்டு காலையும் அகட்டி, பாதம் பதித்து நிற்கும். ஒரு கால் மயிரிழை, ஒரு கால் தடி. வி அதையே தலைகீழாகத் திருப்பிவைத்தது. ஐ ஒரு தூண், மேலேயும் கீழேயும் பலகை. எஸ் மட்டும் உடம்பை வளைத்து இரண்டு முனையிலும் கொக்கி வைத்திருக்கும். ஊரில் மற்ற நோட்டீஸ்களெல்லாம் மொட்டை எழுத்தில்தான் வரும். மீசையும் கிடையாது, பாதமும் கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். சினிமா, லாட்டரி, காலரா ஊசி, தண்ணீர் வரி எல்லாம் மொட்டை. மொட்டையைக் கண்டு எவரும் பயந்ததில்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ஆனால் சைக்கிளில் ரோடு திரும்பும்போதே, அவ்வளவு தூரத்திலிருந்தே, மில் சுவரில் ஒட்டியிருப்பது மீசையா மொட்டையா என்று சொல்லிவிடுவார். மொட்டை என்றால் பெடலை மிதிப்பார். மீசை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அவர் மட்டுமல்ல, ஷிஃப்டுக்கு வரும் அத்தனை பேரும் அப்படித்தான். இது ஒரு படிப்பு. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை.

பெண்ணாகப் பிறந்தும் எனக்கு வாய் நீளம். பள்ளிப் படிப்பையும் டைப்ரைட்டிங்கையும் முடித்துவிட்டு வேலைக்குப் போன இடங்களில் அதனாலேயே நிலைக்க முடியவில்லை. எழுபதுகளின் நடுவில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிற வேலை கிடைத்தது. முதலாளி ஊர்க்கார முஸ்லிம். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து மெஷினையும் எழுத்துகளையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். சேர்ந்த அன்றைக்கே தெரிந்துபோயிற்று, அப்பாவை சைக்கிளிலிருந்து இறக்கிவிடும் அந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று. சுவரோரம் ஒரு மர அலமாரி, பூட்டுப் போட்டு. ஊரில் வேறெந்த அச்சகத்திலும் அந்த எழுத்து இல்லை. மில் வேலை எங்களிடம் வருவதற்குக் காரணமே அதுதான்.

கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் அது அவ்வளவு அழகாக இருந்தது. தடித்த கோடு மெலிகிற இடத்தில் ஒரு வளைவு. அதிலிருந்து மீசை நுனி புறப்படுகிற இடத்தில் இன்னொரு சின்ன வளைவு. யாரோ ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து செதுக்கியிருக்க வேண்டும். வரிசையாகக் கோர்த்தால் பாதங்களெல்லாம் சேர்ந்து கோடு போட்ட மாதிரி ஆகி, கண் வழுக்காமல் வரியைப் பிடித்துக்கொண்டே போகும். மொட்டை எழுத்தில் அந்தச் சுகம் இல்லை. ஆனால் அதன் பலவீனமும் அந்த மீசைதான். மெஷினில் கொஞ்சம் அழுத்தம் கூடினால் நுனி ஒடிந்துவிடும். மட்டமான காகிதத்தில் மயிரிழைக் கோடு விழாது, ஏ நொண்டியாகிவிடும். அதனால் பாய் அதை எல்லா வேலைக்கும் எடுக்க மாட்டார். மாதா கோயில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மைக்கான அட்டை, பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீஸின் தலைப்பு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் செத்தால் கறுப்புக் கரை போட்ட சாவு அட்டை, அப்புறம் மில். சொல்தா குடும்பங்களுக்கு அது கௌரவம். அந்த எழுத்தில் அச்சடிக்காவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லை என்பார்கள். எங்களுக்கு அது வயிற்றில் அடிக்கிற எழுத்து. ஒரே அலமாரி, ஒரே எழுத்து.

மில் வேலை வந்தால் பாய் ஒரு காரியம் செய்வார். ஆபீஸ் கொடுத்த எழுத்துப்பிரதியைக் கத்தரிக்கோலால் வரிவரியாக நறுக்கி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். காலேஜ் கேள்வித்தாளுக்கும் அதே ஏற்பாடுதான். யாருக்கும் முழுசாகத் தெரியக் கூடாது. துண்டுகளைச் சேர்ப்பதும், அலமாரியைத் திறந்து தலைப்பை வைப்பதும், மெஷினில் ஏற்றுவதும் அவர் மட்டுமே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே தெரிந்தால் மில் வேலை போய்விடும் என்று அவருக்கு பயம். எங்களுக்கோ, பூட்டு திறக்கிற சத்தம் கேட்டாலே போதும். சொல்தா யாரும் சாகாமலும் புது நன்மைக் காலம் இல்லாமலும் அந்த அலமாரி திறந்தால், அது மில்தான்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சொத்து என்று இருந்தது அப்பாவின் மில் டோக்கன் ஒன்றுதான். டோக்கன் என்றால் நிரந்தர வேலைக்கு அடையாளமான பித்தளை வில்லை. அப்பா தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அந்த இடம் மகனுக்கு என்று ஆபீஸ் அவ்வப்போது ஒரு கதவைத் திறக்கும், கொஞ்ச நாளில் மூடிவிடும். அண்ணன் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தான். அரியாங்குப்பத்தில் பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்தாயிற்று. டோக்கன் மாறட்டும், மறுநாளே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். நான் அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் கதவு திறந்தது. அப்பா ராஜினாமாவை எழுதி, கையெழுத்தும் போட்டு, அம்மா அதை சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். கெடு முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் கொடுப்பதாக இருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் பூட்டு திறந்தது.

எனக்கு வந்த துண்டில் பாதி வாக்கியம்தான் இருந்தது. முதல் ஷிஃப்ட் தொடங்கி மில் மூடப்பட்டிருக்கும், என்று. அதற்கு முன்னால் கத்தரி விழுந்திருந்தது. ஏன், எதுவரை, யாருக்கு, எல்லாம் வேறு யாருடைய கையிலோ. கோர்த்து முடித்தேன். பாய் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து தலைப்பைக் கோர்த்துக்கொண்டிருந்தார். நான்கு எழுத்தும் ஈயத்தில் இடவலம் மாறிக் கிடந்தன. அப்படிக் கிடந்தாலும் அவை அவைதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"மீச அலமாரிய தொறந்துட்டாங்கப்பா. மில்ல மூடறாங்க. நானே கோத்தேன்."

"எம்மா நாளைக்காம்?"

"அது எந்துண்டுல இல்ல."

அப்பா சாமி படத்துக்குக் கீழே இருந்த காகிதத்தைப் பார்த்தார். அண்ணன்தான் குதித்தான். "எதுவா இருந்தா இன்னா, குடுத்துட்டு வந்துடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"மூடற மில்லுக்கு ராஜினாமா எழுதிக் குடுத்தா, நானும் வெளிய, நீயும் வெளிய. உள்ள ஆளா இருந்தாதான்டா நாளைக்குக் கேக்க முடியும்" என்றார் அப்பா. சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டாளிகளிடம் சொல்லக் கிளம்பினார்.

சேதி தெருத்தெருவாகப் போயிற்று. இருட்டுவதற்குள் மில் வாசலில் கூட்டம். யாரோ கல்லை விட்டெறிந்தார்கள், ஆபீஸ் கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் வேன் வந்து தடியடி நடந்தது. ராஜினாமா எழுதி வைத்திருந்த இன்னும் சில அப்பாக்களும் அதைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மில்லின் பழைய முதலாளி பிரான்சில் காலமாகிவிட்டார், துக்கம் அனுசரிக்க இன்று ஒரு நாள் மட்டும் முதல் ஷிஃப்ட் தொடங்கி மில் மூடப்பட்டிருக்கும். அவ்வளவுதான்.

மூடிக்கிடந்த அந்த ஒரு நாள்தான் கெடுவின் கடைசி நாள். வாசலில் நின்று அப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், ராஜினாமாவை உள்ளே வாங்க ஆளில்லை. அடுத்த நாள் போனபோது ராஜினாமாக் கதவு மூடியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே கொடுத்திருந்தவர்களின் மகன்கள் டோக்கன் வாங்கினார்கள். அரியாங்குப்பத்துப் பெண் அவர்களில் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அண்ணன் நோணாங்குப்பத்தில் படகுகளுக்குத் தார் பூசுகிற கூலி வேலைக்குப் போனான். அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டான். என்னிடம் மட்டும் ஒரு தடவை, "அந்த எழுத்த நம்புனீங்களே" என்றான். நம்பாமல் எப்படி இருக்க முடியும். அத்தனை வருஷமும் அது ஒரு தடவைகூட எங்களிடம் நல்லது சொன்னதில்லை.

அப்பாவிடம் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. பாதித் துண்டு கையிலிருந்தால் பாதிதான் சொல்ல முடியும். என் கோபமெல்லாம், ஒரு மனுஷன் செத்த சேதியைச் சொல்லவும் எங்களை மிரட்டுகிற அதே எழுத்தைத் தவிர அவர்களுக்கு வேறொன்று தோன்றவில்லையே என்பதுதான்.

மில் ஆபீஸிலிருந்து பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய்விட்டு வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கேர்ந்து வெளிய போச்சுன்னு கேக்கறாங்கம்மா. தெரியாதுன்னுட்டேன். இனிமே மில் வேல உனக்கு வேணாம்."

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. அதற்குப் பிறகு மில் துண்டுகள் மற்றவர்களுக்குப் போயின. பூட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்ட சாயங்காலமெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்ப்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன். மறுநாள் சுவரில் பார்த்துத்தான் இருவருக்கும் தெரியும்.

இப்படியே எண்பதுகள் வந்தன. மில்லில் பஞ்சு மூட்டை வருவது குறைந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன, பழுது பார்க்க ஆள் வரவில்லை. சங்கு மட்டும் நேரத்துக்கு ஊதியது. தெருவில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மீசை வரும், வரும் என்று பார்த்தோம், வரவில்லை. வராததே ஒரு தைரியமாகிவிட்டது. ஆபீஸ் மறுபடியும் ராஜினாமாக் கதவைத் திறந்தபோது, மூடுகிற மில்லாக இருந்தால் இதைத் திறப்பார்களா என்று அம்மாவே கேட்டாள். அண்ணனுக்கும் வயசு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டில், பல வருஷத்துக்குப் பிறகு, அண்ணன் தானாக அப்பாவின் தட்டில் குழம்பை ஊற்றினான். அப்பா அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அப்பா மறுபடி எழுதினார். இந்தத் தடவை கடைசி நாள்வரை வைக்கப்போவதில்லை, வியாழக்கிழமை மத்தியான ஷிஃப்டுக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற பெண்களில் ஒருத்தி வரவில்லை. பாய் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். இரண்டே வரி. தங்கள் சொந்தப் பொருட்களை உரிய அடையாள வில்லையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம், என்று இருந்தது.

"எதுக்கு பாய் இது?"

"ஏதோ ஆபீஸ் வேலம்மா. சீக்கிரம் கோத்துக் குடு."

அலமாரி பூட்டியே இருந்தது. சாவி அவருடைய இடுப்பில் தொங்கியது, கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வருகிறவர்கள் சாமானை வைத்துவிட்டு வில்லை வாங்கிக்கொள்வார்கள். கோரிமேட்டில் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். நிதானமாக, இடைவெளி பார்த்து, அழகாகவே கோர்த்தேன். தமிழ் எழுத்துக்கு மீசை ஏது, மொட்டை ஏது. அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். பூட்டு திறக்கலப்பா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே சங்கு ஊதவில்லை. கரண்ட் இல்லையாக இருக்கும் என்று அச்சகத்தில் பேசிக்கொண்டோம். பாய் மட்டும் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் காகிதக் கடை வண்டிக்காரர் வந்து, மில் வாசலில் போலீஸ் நிற்கிறது, மில்லை நிரந்தரமாக மூடிவிட்டார்கள் என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்காமலே சொன்னார்.

"மீச வேணாம், மொட்டையிலயே இங்கிலீஷ்ல நோட்டீஸ்னு போடுன்னு சொன்னதே அவங்கதாம்மா. மீச போட்டா ஒட்டறதுக்குள்ள கூட்டம் கூடிடுமாம். போலீஸ் வந்து நிக்கற வரைக்கும் யாரும் கவனிக்கக் கூடாதாம்."

"தெரிஞ்சேதான் எங்கிட்ட மறைச்சீங்களா?"

"சொன்னா நீ சொல்லியிருப்பியே."

சொல்லியிருப்பேன்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுவரைப் பார்த்து, தூரத்திலிருந்தே, எழுத்தின் காலையும் மீசையையும் பார்த்து எங்களுக்கு எது வரப்போகிறதென்று கண்டுபிடிக்கிற அந்த ஒரே படிப்பு எங்களுக்கு இருந்தது. அதையும் அவர்கள் படித்துவிட்டார்கள். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

வாசலில் கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நோட்டீஸ் காலையிலிருந்தே சுவரில் இருந்திருக்கிறது, ஒரு சினிமா போஸ்டருக்கும் ஊசி நோட்டீஸுக்கும் நடுவில். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்களை கரண்ட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அவர்களும் மொட்டையைக் கவனிக்கவில்லை. அப்பாவும் அண்ணனும் ரோடு திரும்பும்போது அப்பா சுவரைப் பார்த்திருக்கிறார். மொட்டதான்டா, வா, என்று சொல்லிவிட்டு மிதித்திருக்கிறார். நேரே போய்ச் சின்னக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து வாட்ச்மேன், வெளியே ஒட்டியிருக்கே, பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். எங்கே ஒட்டியிருக்கு, ஒன்றும் இல்லையே என்று அப்பா சொன்னாராம். இதெல்லாம் அண்ணன் சொல்லி அப்புறம் தெரிந்தது. அப்போது அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். என்னைப் பார்த்தும் அவன் முகத்தில் அசைவில்லை.

அப்பா சுவருக்குப் பக்கத்தில் இருந்தார். கிட்டத்து எழுத்து அவருக்கு மங்கல். இஸ்திரி போட்ட சட்டையின் பையில் ராஜினாமாக் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா. இன்னா எழுதிருக்குதுன்னு படி" என்றார்.

படித்தேன். சுற்றியிருந்தவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். நஷ்டம் காரணமாக இன்று முதல் மில் நிரந்தரமாக மூடப்படுகிறது. வேலையில் இருக்கும் அனைவரும் விடுவிக்கப்படுகிறார்கள். கணக்குத் தீர்ப்பது பற்றிப் பின்னால் அறிவிக்கப்படும். உள்ளே உள்ள தங்கள் சொந்தப் பொருட்களை, என்று வந்த இடத்தில் நிறுத்தினேன். அடுத்த வார்த்தைகளைப் படிக்கவே தேவையில்லை. அந்த இடைவெளிகள் என்னுடையவை.

அப்பா என் கையைப் பார்த்தார். விரலில் மை இருந்தது.

"இது நீ கோத்ததா?"

"ஆமாம்பா. எனக்குத் தெரியாதுப்பா."

அவர் திட்டவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"சரி, மேல படி" என்றார்.

வில்லையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்று முடித்தேன். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.